டெட்ராய்ட்டில் கை நனைத்தேன்

இருபத்தேழு வருடமாகப் பூகோளம் நடத்துகிறேன். டெட்ராய்ட் எனக்கு ஒரு மதிப்பெண் கேள்வி. விடை: மோட்டார் வாகனத் தொழில். பிட்ஸ்பர்க் என்றால் இரும்பு எஃகு, சிகாகோ என்றால் இறைச்சி பதனிடுதல். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் என்னிடம் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஊரில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது என் அண்ணன் மகள் தேன்மொழிக்கு வந்த வரன். பையன் பெயர் இளங்கோ. சொந்த ஊர் மதுராந்தகம். டெட்ராய்ட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. ஜாதகம் பொருந்தியது, குடும்பம் பொருந்தியது. லீவில் வந்தபோது பையன் பெண்ணையும் பார்த்துவிட்டுப் போனான். சிறுசேரியில் வேலை பார்க்கும் எங்கள் பெண் அதன் பிறகு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வராமல், பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர ஆரம்பித்தாள். ஆக, அதுவும் பொருந்தியது. பொருந்தாமல் நின்றது ஊர் ஒன்றுதான்.

"டெட்ராய்ட்டா? வேற ஊரே கெடைக்கலியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். ஹூஸ்டன் தங்கமான ஊராம். பயப்பட வேண்டியது டெட்ராய்ட்டுக்கும் மெம்ஃபிஸுக்கும்தானாம். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரின் மகள் மெம்ஃபிஸில் இருக்கிறாள். மெம்ஃபிஸில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம், ஹூஸ்டனில்தான் ஆளுக்கொரு துப்பாக்கி, அப்புறம் செயின்ட் லூயிஸ், டெட்ராய்ட் என்றார் டீச்சர். செயின்ட் லூயிஸில் மருமகனை வைத்திருக்கும் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் பால்டிமோரையும் டெட்ராய்ட்டையும் சொன்னார். யாருடைய பட்டியலிலும் அவரவர் பிள்ளை இருக்கும் ஊர் இல்லை. தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் தெருவிலிருந்து யாரும் டெட்ராய்ட்டுக்குப் போகவில்லை என்பதால் அது எல்லார் பட்டியலிலும் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். எங்களுடையது கோவிலம்பாக்கத்தில் நெல் போட்டுப் பிழைத்த குடும்பம். வயல்களெல்லாம் பிளாட்டான பிறகு அண்ணன் இரும்புலியூரில் வீடும் நாலு கடையும் கட்டி, கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே அவர் குடும்பம், மாடியில் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேன்மொழிக்குத் தலை பின்னிவிட்டது பாதி நாள் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் சிகாகோவில் ஆசிரியர்களுக்கான பத்து நாள் பயிற்சி முகாமுக்கு என் பெயர் வந்தது. அண்ணன் அட்லஸைக் கொண்டுவரச் சொன்னார். சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து அளந்தார்.

"தோ கீதே, பக்கத்துலயே! நீயே போய் மாப்ள வூட்ட பாத்துட்டு வந்துடும்மா" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகிறவர்கள் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சோறு மட்டும் தொடக் கூடாது. சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. மதுராந்தகமாக இருந்தால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். டெட்ராய்ட்டில் எனக்கு நாலு நாள் தங்கல்.

"நாலு நாளும் பட்டினியாண்ணா?"

"ஓட்டல்ல சாப்டு. அந்தப் புள்ள வூட்ல கை நெனைச்சிடாத. ஊரு எப்டி கீதுன்னு தெரியற வரைக்கும் நாம பிடி குடுக்கக் கூடாது."

இன்னொரு ஏற்பாடும் செய்தார். "போன்ல நீ எதுவும் பேசாத. அந்தப் புள்ள பக்கத்துலயே நின்னுகினு இருக்கும், வாயத் தொறந்து சொல்ல முடியாது. ஊரு சரின்னா ரெண்டு மிஸ்டு காலு குடு. சரியில்லன்னா ஒண்ணு. மீதிய நான் பாத்துக்கறேன்."

சிகாகோவில் முகாம் முடிந்தது. என்னைத் தங்கவைத்திருந்த தமிழ்க் குடும்பத்து அம்மாள், நான் டெட்ராய்ட்டுக்குப் பஸ்ஸில் போகிறேன் என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "டெட்ராய்ட்டுக்கா? அதுவும் பஸ்லயா?" அவருக்கு இரண்டும் தனித்தனி ஆபத்து. ஆனால் தாம்பரத்தில் சிகாகோவைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உப்பிட்டவர் மனதைப் புண்படுத்தக் கூடாது.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு கறுப்பின இளைஞர். கதவளவு உடம்பு, கழுத்து வரை பச்சை குத்தியிருந்தார். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து அவர் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து முதலில் என்னிடம் நீட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "நல்ல ஊரும்மா. எங்க அம்மா அங்கதான் இருக்காங்க. செயின்ட் லூயிஸ் பக்கம் மட்டும் பார்த்துப் போங்க" என்றார். பதிலுக்கு முறுக்கைக் கொடுத்தேன். கடிக்கும்போது சத்தம் வந்ததில் அவருக்கு ஏக சந்தோஷம்.

ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காடு முடிவில்லாமல் வந்தது. எனக்குப் பம்பாய் ஞாபகம் வந்தது. நான் பார்த்தே இராத பம்பாய். எனக்கு இருபத்துமூன்று வயதில் பம்பாயிலிருந்து ஒரு வரன் வந்தது. மில் ஒன்றில் மேற்பார்வையாளர். போட்டோவில் சிரிக்காமல் நின்றுகொண்டிருப்பார், ஆனால் கண் சிரிக்கும். பம்பாய் முழுக்கக் கத்திக்குத்து என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மாமாவை அனுப்பி ஊரைப் பார்த்துவரச் சொன்னார். மாமா மூன்றாம் நாளே திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "ஊரு சரியில்ல." யாரும் மேலே கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா படுத்த படுக்கையானார், பள்ளியில் வேலை கிடைத்தது, வருடம் ஓடிவிட்டது. எனக்கு யார் மேலும் கோபமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது பொய். அந்த மாமாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

டிக்கெட்டில் ஐந்தரை மணிக்கு டெட்ராய்ட் என்று போட்டிருந்தது. நாலரைக்கே பஸ் ஓர் இடத்தில் நின்று எல்லாரும் இறங்கினார்கள். நான் அசையவில்லை. ஏமாற்றி இறக்கிவிடுவார்கள் என்று எச்சரித்துத்தானே அனுப்பியிருந்தார்கள்? டிரைவர் ஒரு பெண்மணி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, டெட்ராய்ட் வந்தாச்சு."

"இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது."

"நான் ரொம்ப வருஷமா இந்த பஸ்ஸ ஓட்டறேன். டெட்ராய்ட் நகர்ந்து போனதா எனக்குத் தெரியல."

சிப்ஸ் இளைஞர் ஜன்னல் வழியே பஸ் நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்தரை. பதினைந்து பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று இருபத்தேழு வருடம் கரும்பலகையில் எழுதியவள், கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டு ஒரு பஸ்ஸையே நிறுத்தி வைத்திருந்தேன். அந்த இளைஞர் என் பெட்டியை இறக்கி, இளங்கோ வரும்வரை பக்கத்திலேயே நின்றார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாதது இன்னும் குறையாக இருக்கிறது.

இளங்கோ ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சை ஹாலுக்குள் நுழைகிற பையன் மாதிரி வந்தான். "வாங்க மேடம்" என்றான். காரின் நாலு கண்ணாடியில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்.

"போன வருஷம் ஒடைச்சிட்டாங்க மேடம். உள்ள ஒரு பழைய ஸ்வெட்டர்தான் இருந்துச்சு. அத எடுத்துட்டுப் போயிட்டான். குளிரு வேற."

திருடனுக்கும் சேர்த்துக் கவலைப்பட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை தெருவைப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இளங்கோ குடியிருந்தது ஒரு பழைய செங்கல் வீட்டின் மாடி. எதிர் வரிசையில் இரண்டு வீடுகள் எரிந்து கரிக்கட்டையாக நின்றன. பக்கத்தில் மூன்று மனைகள் காலி. வீடு இருந்து, ஆட்கள் போய், இடித்துத் தள்ளிய மனைகள். எங்கள் கோவிலம்பாக்கத்தில் வயல் பிளாட்டாகும், பிளாட் வீடாகும். இங்கே வீடு பிளாட்டாகி, அந்தப் பிளாட்டில் யாரோ பாத்தி கட்டி, கீரையும் வெண்டையும் போட்டிருந்தார்கள். வெண்டைச் செடியைப் பார்த்ததும் எனக்கு முக்கால்வாசிப் பயம் போய்விட்டது. வெண்டைக்காய் காய்க்கிற ஊரில் மனிதர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

காலையில் மேஜை மேல் இரண்டு தட்டு வைத்திருந்தான். இட்லி. "சாப்பிடறீங்களா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டான். "பசியில்லப்பா, காபி போதும்" என்றேன். அவன் மேலே வற்புறுத்தவில்லை. எனக்கு வைத்த வெறும் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். மதுராந்தகத்துப் பிள்ளைக்குக் கை நனைப்பது தெரியாமலா இருக்கும்?

மதியம் பக்கத்து ஊரில் அரபுக்காரர்கள் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனான். கொண்டைக்கடலையை அரைத்து மசால்வடை மாதிரி சுட்டு, ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பல்லாவரம் டீக்கடை வடைக்குத் தங்கை முறை. கடைக்காரர் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்துவிட்டு, "தனியாகவா சிகாகோவிலிருந்து வந்தீர்கள்? சிகாகோ ரொம்ப ஆபத்தான ஊராயிற்றே!" என்று பதறினார். நான் இன்னொரு வடை வாங்கினேன்.

சனிக்கிழமை காலையும் இரண்டு தட்டு. ஒன்று அலமாரிக்குப் போனது. அவன் முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சாப்பிடத்தான் கூடாது, சமைத்துப் போடலாமே என்று தோன்றியது. கீழ்வீட்டுக்கார அம்மாள் தோட்டத்தில் பறித்துக் கொடுத்ததாக ஒரு பை வெண்டைக்காய் இருந்தது. புளி இருந்தது. பையன் கடைக்குப் போயிருந்தான். வெண்டைக்காய்ப் புளிக்குழம்புக்கு எண்ணெயைக் காயவைத்து, கடுகு, வெந்தயம், நாலு மிளகாய் கிள்ளிப் போட்டேன்.

கூரையில் ஏதோ ஒன்று வீல் என்று அலறத் தொடங்கியது.

திருடன் வந்தால் அடிக்கிற மணி என்றுதான் நினைத்தேன். மாடிப்படியில் திமுதிமுவென்று காலடிச் சத்தம். கரண்டியை ஓங்கிக்கொண்டு கதவைப் பார்த்து நின்றேன். கதவு திறந்தது. எழுபது வயதுக் கறுப்பின அம்மாள் ஒருவர், தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, பேஸ்பால் மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்து அலறினேன். அவர் என்னைப் பார்த்து அலறினார்.

"நீ யாரு?"

"நீங்க யாரு?"

அவர் மூக்கை உறிஞ்சினார். அடுப்பைப் பார்த்தார். மட்டையாலேயே கூரையில் இருந்த பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் நின்றது. புகை வந்தால் கத்துகிற கருவியாம். எங்கள் ஊர்த் தாளிப்பைப் பற்றி அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவர்தான் கீழ்வீட்டு மிஸ் டெல்லா. சிட்டி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலி மனைத் தோட்டம் அவருடையதுதான். அடுப்புக்குப் பக்கத்தில் நறுக்கி வைத்திருந்ததை எட்டிப் பார்த்து, "இது என் வெண்டைக்காய்" என்றார். உட்கார்ந்தார். குழம்பு இறங்கியதும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கரண்டி கேட்டார். என் கழுத்தைக் கூர்ந்து பார்த்தவர், மட்டையின் நுனியால் சுட்டினார்.

"அந்தத் தழும்பு எப்படி வந்தது?"

என் கழுத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் பள்ளி விட்டு வரும்போது பைக்கில் வந்தவன் சங்கிலியை இழுத்தபோது அறுத்தது. அண்ணன்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சொன்னேன்.

"எந்த ஊரில்?"

"எங்கள் ஊரில்தான். தாம்பரம்."

"நீ எதற்காக இங்கே வந்திருக்கிறாய்?"

"இந்த ஊர் ஆபத்தான ஊரா என்று பார்க்க."

மிஸ் டெல்லா மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். இரண்டு வருடம் அந்தத் தழும்போடு தாம்பரத்தில் நடமாடினேன். ஒருநாளாவது அதை ஆபத்தான ஊர் என்று நினைத்திருப்பேனா? அது என் ஊர், அதில் ஒரு திருடன் இருந்தான், அவ்வளவுதான்.

"நீ ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டார். கை நனைக்கும் வழக்கத்தை விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியானால், நீ ஒரு கரண்டி சாப்பிட்டால் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிடும்?"

"கிட்டத்தட்ட."

"பெண்ணே, எதற்காகக் காத்திருக்கிறாய்?" என்றார். இந்தப் பையன் பனிக்காலத்தில் தன் வீட்டு வாசலிலும் சேர்த்துப் பனி அள்ளுகிறான் என்றார். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குத் தோட்ட வேலை தெரியுமா என்று கேட்டார். நான் வீடு பார்க்க வந்திருந்தேன், அவர் பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்துவிட்டேன். இளங்கோ குளிக்கப் போன நேரம். வெளிநாட்டுக்குப் பேச வாங்கி வைத்திருந்த போன் கார்டில் இருந்த எண்களையெல்லாம் அவன் போனில் அழுத்தி, அண்ணன் செல்போனுக்குப் போட்டேன். முதல் முறை பதற்றத்தில் ஐந்தாறு மணி அடிக்கும் வரை விட்டுவிட்டு வைத்தேன். இரண்டாவது முறை தைரியம் வந்துவிட்டது. இரண்டு மணி அடித்ததும் வைத்தேன். இரண்டு மிஸ்டு கால். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்லி, முறைப்படி நிச்சயதார்த்தத்தில் கை நனைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கும் காபியோடு நிறுத்திக்கொண்டேன்.

மதியம் இளங்கோவுக்கு ஒரு போன் வந்தது. மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். "கெளம்பலாமா மேடம், ஆறு பாக்கலாம்" என்றான். ஆற்றங்கரையில் நின்று அக்கரையைக் காட்டினான். கனடா. டெட்ராய்ட்டிலிருந்து கனடா தெற்கே இருக்கிறது! அமெரிக்காவுக்கு வடக்கே கனடா என்று எழுதாத பெண்ணுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. சின்னக் குழந்தை மாதிரி கத்தினேன். அவன் சிரித்தான், என்னைப் போட்டோ எடுத்தான், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். கொஞ்சம் அமைதியாக இருந்தான். களைப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம் எனக்குப் பஸ். காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சிறுசேரியில் ஆபீஸ் மாடிப்படியிலிருந்து தேன்மொழி.

"அத்தை, நீயா அப்படிச் சொன்ன?"

"எப்படிடி?"

"ஒரு கால்தான் வந்துச்சாம். அப்பா ராத்திரி வரைக்கும் போனை கையிலயே வச்சிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மதுராந்தகத்துக்குப் போன் பண்ணி, ஜாதகத்தை மறுபடி பாக்கணும்னு சொல்லிட்டாரு. வேணாம்னு அர்த்தம்னு அவங்களுக்கும் தெரியும்ல?" குரல் உடைந்தது. "தாத்தா உனக்குப் பண்ணதையே நீ எனக்குப் பண்ணிட்டியே அத்தை."

பத்து நிமிஷம் பொறு என்று மட்டும் சொல்லி வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து இளங்கோவிடம் மிஸ்டு கால் ஏற்பாட்டை ஒன்று விடாமல் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எத்தனை ரிங் விட்டீங்க மேடம்?"

"ரெண்டாவது தடவை ரெண்டு."

"அந்த கார்டுல லைன் போறதுக்கு முன்னாடியே ரிங் சவுண்ட் கேக்கும் மேடம். நாலஞ்சு ரிங் தாண்டினாதான் அங்க நெஜமா அடிக்கும். ரெண்டாவது கால் தாம்பரத்துக்குப் போகவே இல்ல."

"உனக்கு நேத்தே தெரியுமா?"

"மதியமே அப்பா சொன்னாரு."

"தெரிஞ்சுமா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த? ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"நீங்க எங்க வீட்டுக்கு வந்தவங்க மேடம். பிடிக்கலன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு." பிறகு மேஜை மேலிருந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தினான். "எலுமிச்சை சாதம். பஸ்ல சாப்பிடுங்க. பஸ்ஸு எங்க வீடு இல்லல்ல, கை நனைக்கலாம்."

அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். பிறகு எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினேன்.

"அலமாரில இருக்கிற அந்தத் தட்டை எடு."

சோறு இருந்தது. சனிக்கிழமைப் புளிக்குழம்பு ஃபிரிட்ஜில் இருந்தது. புளிக்குழம்புக்கு மூன்றாம் நாள்தான் ருசி. பிசைந்து சாப்பிட்டேன். நாலு நாள் பசி. இளங்கோ சுவரில் சாய்ந்து நின்று, நான் சாப்பிடுவதை ஒரு பருக்கை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு, இந்த முறை மிஸ்டு கால் இல்லாமல் முழுதாகப் போன் செய்தேன். அண்ணன் எடுத்தார்.

"இன்னாம்மா?"

"அண்ணா, நான் குடுத்தது ரெண்டு. உனக்கு வந்தது ஒண்ணு. கார்டு பண்ண கோளாறு."

"இன்னா சொல்ற நீ? ஒரு நாள் கழிச்சி ரெண்டுன்ற. அந்தப் புள்ள பக்கத்துல நிக்குதா? அதுக்காவ சொல்றியா?"

"பக்கத்துலதான் நிக்கறான். நிக்கட்டும். அன்னிக்கு மாமா பம்பாய்க்குப் போயிட்டு வந்து ரெண்டே வார்த்தை சொன்னாரு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முழுசா சொல்றேன், கேளு. எதுத்தாப்புல ரெண்டு வீடு எரிஞ்சு கெடக்கு. தெனம் போலீஸ் வண்டி சத்தம் கேக்குது. இவன் கார் கண்ணாடிய ஒருத்தன் ஒடைச்சிருக்கான். அத இவனே வந்த அன்னிக்கே சொல்லிட்டான். கீழ் வீட்ல ஒரு அம்மா இருக்காங்க. மேல சத்தம் கேட்டா மட்டைய எடுத்துக்கிட்டு ஓடி வர்றாங்க. என் கழுத்துல சங்கிலிய இழுத்தப்ப நம்ம தெருவுல யாராவது ஓடி வந்தாங்களா?"

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்பார்கள். நான் நாலு உண்மை சொல்லிவிட்டு நின்றிருந்தேன்.

"மதுராந்தகத்துக்கு இப்ப இன்னான்னு சொல்றது?" என்றார் கடைசியில். "ஜாதகத்த திருப்பிப் பாக்கணும்னு சொல்லிட்டேனே."

"பாத்தாச்சு, முன்ன விட நல்லா பொருந்துதுன்னு சொல்லு. அண்ணா, இன்னொண்ணு. நான் கை நனைச்சிட்டேன்."

லைனில் ஒரு சத்தமும் இல்லை. கார்டு தீர்ந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"இன்னா சாப்ட்ட?"

"வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு."

"அங்க வெண்டக்கா ஏது?"

"பக்கத்துக் காலி மனையில வெளையுது. மூணு மனை. வீட்ட இடிச்சிட்டு பாத்தி கட்டியிருக்காங்க."

"வூட்ட இடிச்சா? பயிரு வைக்கவா?" அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. "மண்ணு எப்டிம்மா கீது?"

"கறுப்பு மண்ணு. நல்லா இருக்கு."

"சரி, வை. வூட்ல பேசிட்டு மதுராந்தகத்துக்கும் பேசிட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெட்டி வாசலில் இருந்தது. இளங்கோ நான் சாப்பிட்ட தட்டைக் கழுவினான், கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினான். மிஸ் டெல்லா ஒரு பை வெண்டைக்காயோடு வந்து, சிகாகோக்காரர்களுக்குக் கொடு, பாவம் அவர்கள் என்றார். நிலைமையை இரண்டு வரியில் சொன்னேன். அவரும் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் மேஜை மேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் அடித்தது. ஒரு முறை அடித்து, இளங்கோ கை வைப்பதற்குள் நின்றது.

ஒன்று. ஒன்று என்றால் வேண்டாம். அண்ணன் கணக்கு மறக்கிற ஆளில்லை. இளங்கோ என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியே எரிந்த வீட்டைப் பார்த்தான். மிஸ் டெல்லா மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுபடியும் அடித்தது. இளங்கோ பாய்ந்து எடுக்கப் போனான்.

"எடுக்காத!" என்று கத்தினேன். "எடுக்காதடா, அடிக்கட்டும்!"